காதில் சொன்ன பேர்

என் மகளுக்குப் பேர் வைத்த அன்று நான் போட்ட சண்டையைக் குன்றத்தூரில் எங்கள் அம்மா வீட்டுத் தெரு இன்னும் மறக்கவில்லை.

2009, பங்குனி மாதம். பிள்ளை பிறந்த முப்பதாம் நாள். தலைப்பிள்ளை என்பதால் வாசலில் பந்தல், ஐம்பது பேருக்குச் சாப்பாடு, புதுத் தொட்டில் என்று அப்பா தாராளமாகவே செய்திருந்தார். பேர் என்னவோ முன்பே முடிவானதுதான். கனிஷ்கா. நான் கர்ப்பமாக இருந்தபோதே தேர்ந்தெடுத்து வைத்தது. என் வீட்டுக்காரர் தசரதனும் "நல்லாக்கீது ராஜி, ஷோக்கா கீது" என்று தலையாட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பன்தான் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். மனுஷன் தொட்டிலுக்குள் குனிந்தார். சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் சொன்னது கனிஷ்கா இல்லை.

முப்பிடாதி. முப்பிடாதி. முப்பிடாதி.

அப்படி ஒரு பேரை நான் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் அம்மா கேட்டதில்லை. கூடியிருந்த ஐம்பது பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. "இன்னாயா இது?" என்று நான் கத்தினேன். அவர் தலை நிமிரவில்லை. "வேண்டுதல்" என்றார். "அது ஒரு அம்மன் பேரு. தெக்கத்தி அம்மன்." அதற்குமேல் வாயில் பூட்டு. காதில் விழுந்த பேரை மாற்றக் கூடாது என்று அம்மா என் வாயை அடைத்தாள். சாப்பிட வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு, பேரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அப்புறம் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. எங்கள் வீடு ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பத்து வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில். அவர் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நான் வீட்டில் மிஷின் போட்டு, பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல் பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் "முப்பிடாதி, முப்பிடாதி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் பாப்பா. பால்வாடியில் டீச்சருக்கே வாயில் நுழையவில்லை, முப்பு என்று சுருக்கிவிட்டாள். பிள்ளை எந்தப் பேரைச் சொன்னாலும் 'இன்னா?' என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேண்டுதல் என்றால் கோயிலுக்குப் போக வேண்டாமா? மொட்டை அடிக்க வேண்டாமா? ஒரு தேங்காயாவது உடைக்க வேண்டாமா? ஐந்து வருஷத்தில் அந்த அம்மன் இருக்கும் திசைக்குக்கூட அவர் எங்களைக் கூட்டிப்போகவில்லை. கேட்டால், "போலாம், போலாம்" என்பார். எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

2014 மே மாதம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனபோதுதான் விவகாரம் முற்றியது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்த ஆபீஸ் அம்மா, "பேரே இல்லையேம்மா" என்றார். உண்மைதான். பிள்ளை பிறந்தபோது பேர் இல்லாமல் பதிந்தது. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. பேரைச் சேர்க்காமல் விட்டது என் வேலை. இவர் சொன்ன பேரை எழுத எனக்கு மனசில்லை, வேறு பேரை எழுத அவர் விடவில்லை, அப்படியே கிடக்கட்டும் என்று பெட்டியில் போட்டுவிட்டேன். "குன்றத்தூர் பேரூராட்சியில் ஒரு மனு குடுத்தா சேத்துடுவாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க" என்றார் அந்த அம்மா. அன்று புதன்கிழமை.

மனுவை வாங்கி வந்து, பேர் என்ற இடத்தில் பென்சிலால் கனிஷ்கா என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். ரப்பரை எடுத்து அழித்தார். என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன், அன்றும் உயர்த்தவில்லை.

"அந்தப் பேரைத்தான் எழுதணும் ராஜி."

"ஏன்? அத சொல்லு மொதல்ல. ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணுவாங்க. நாளைக்கி கல்யாணப் பத்திரிகையில எவன் படிச்சாலும் சிரிப்பான்."

"சொன்னேனே. வேண்டுதல்."

"எந்தக் கோயில்ல வேண்டிக்கின? எப்ப வேண்டிக்கின? எதுக்கு?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். காலியான கட்டத்தோடு மனு மிஷின் மேல் கிடந்தது.

மறுநாள் வேல்விழி என்ற பெண் சுடிதார் வாங்க வந்தாள். ஹாஸ்டலுக்குப் புதுசு. சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஊர், இருபது வயசிருக்கும். அவள் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் சந்து முனையிலிருந்து "முப்பிடாதீ..." என்று பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தப் பெண் துள்ளித் திரும்பினாள்.

"யாரைக்கா கூப்பிடுதாவ?"

"என் பொண்ணத்தான். ஏம்மா, உனக்குத் தெரியுமா அந்தப் பேரு?"

"தெரியுமாவா! எங்க ஊர் சாமிக்கா அது. காவல் சாமி. எங்க பெரியம்மை பேருகூட முப்பிடாதிதான். இந்த ஊர்ல அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு." அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "உங்களுக்கு எங்க பக்கத்துல சொந்தம் இருக்காக்கா?"

"இல்ல. அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் தெரியாதுக்கா. சாமி பேருக்கு யாரு அர்த்தம் கேப்பா? கும்பிடுவோம், பிள்ளைக்கு வைப்போம்."

அவள் போன பிறகு நான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா பேர். அப்படியென்றால் அது தெற்கத்திப் பெண்களுக்கு வைக்கிற பேர். கல்யாணத்துக்கு முன்னால் இவர் ஒரகடத்தில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அந்த ரூமுக்கு எதிரே பெண்கள் ஹாஸ்டல். அத்தனையும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள். இரண்டையும் இரண்டையும் கூட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து வருஷமாக என் வீட்டுக்குள், என் பிள்ளை தலையில், எவளோ ஒருத்தியின் பேரை ஏற்றி வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன். நானும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது பர்ஸைத் துழாவினேன். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. லைசென்ஸுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு மடித்து வைத்திருந்தது. நீல மசியில் ஒரு போன் நம்பர். கீழே 'முப்பிடாதி' என்று எழுதியிருந்தது. கையெழுத்து கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள் போலிருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனார். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த நம்பரை அழுத்தினேன். என்ன பேச வேண்டும் என்று நான்கு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கிலும் கடைசியில் அவள் அழுதாள்.

எடுத்தது ஆண் குரல். பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

"முப்பிடாதி கிட்ட பேசணும்" என்றேன்.

"பேசுதேன், சொல்லுங்க."

"உங்ககிட்ட இல்ல. முப்பிடாதி கிட்ட."

"நாந்தாம்மா முப்பிடாதி."

"வெளையாடாதீங்க. அவங்க கையில போனைக் குடுங்க."

"யாரு கையிலம்மா?" அந்தக் குரல் சிரித்தது. "எங்க ஊர்ல வந்து பாருங்க. தெருவுக்கு நாலு முப்பிடாதி. ரெண்டு பொம்பள, ரெண்டு ஆம்பள. ஆத்தா பேரை ஆருக்கு வேணா வைப்போம். உங்களுக்கு எந்த முப்பிடாதி வேணும்?"

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மன் பேரை ஆண்பிள்ளைக்கு வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் ரேணுகா என்றோ, அங்காளம்மா என்றோ ஒரு ஆம்பிளை உண்டா? வேல்விழியிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சந்தேகம் வந்தவளுக்குக் கேட்கத் தோன்றுமா? போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"நான் ஒரகடத்துலேர்ந்து பேசறேன். தசரதன் வூட்ல."

சிரிப்பு நின்றது. ஆடு மட்டும் கத்தியது.

"தசரதன் சம்சாரமா?" என்றார் மெதுவாக. "நல்லா இருக்கியளா தங்கச்சி? மாப்ள நல்லா இருக்கானா? அன்னைக்குப் பிறந்தது என்ன பிள்ளை தங்கச்சி? ஆணா பொண்ணா, அதுகூட எனக்குத் தெரியாது பாருங்க."

"பொண்ணு."

"பொண்ணா! மாசி மாசம்லா... அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்கும். பள்ளிக்கூடத்துல போடணுமே." எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் என் மகளின் வயசைக் கணக்கு வைத்திருக்கிறார். "என்ன பேரு வச்சிய?"

பிள்ளைக்கு வைத்த பேர் அந்த மனுஷருக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே என்ன விஷயம் இருக்கிறதோ, எதைச் சொன்னால் எது உடையுமோ. பொய் சொன்னேன்.

"கனிஷ்கா."

"நல்ல பேரு. நல்லா இருக்கட்டும்." ஆட்டை ஒரு அதட்டு அதட்டினார். "மாப்ளகிட்ட சொல்லுங்க, கையி இப்ப ஒண்ணும் பண்ணலன்னு. இடது கையிலயே எல்லாம் பழகிட்டுன்னு."

"எந்தக் கையி?"

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணா, கைக்கு இன்னா ஆச்சு?"

"அவன் சொல்லலையா?" என்றார். "அப்ப விடுங்க தங்கச்சி. பழசு." போனை வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு அவர் வந்தார். முகம் கழுவக்கூட விடவில்லை. துண்டுச் சீட்டைத் தரையில் வைத்தேன். "போன் பண்ணேன்" என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். யூனிபார்ம் சட்டையின் மேல் பித்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது அவர் இருந்தது இப்போதிருக்கும் கம்பெனி இல்லை. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரு பிரஸ் கம்பெனி. காண்டிராக்டில் வேலை. முப்பிடாதி அவருடைய ரூமில் பாய் பங்கு போட்ட ஆள், அதே கம்பெனி, அதே காண்டிராக்டர். என்னுடைய ஸ்கேன், வளைகாப்பு, அது இது என்று இவர் அந்த மாதமே இரண்டு லீவு போட்டாகிவிட்டது. இன்னொரு லீவு போட்டால் வராதே என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். அன்று இவருக்கு செகண்ட் ஷிப்ட். கேட்டில் போனை ஒப்படைக்கப் போகிற நேரத்தில் ஒரு போன் வந்தது.

போன் பண்ணியது நான். எனக்கு வலி எடுத்துவிட்டது. "நீ இப்ப வரலைன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், பிள்ளையையும் காட்ட மாட்டேன்" என்று கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நான் ஒரு சத்தம் போட்டேன், மனுஷன் ஷிப்ட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார் என்று.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சிட்டு அவன் வெளிய வந்துகினு இருந்தான்" என்றார். "என் மூஞ்சப் பாத்தான். இன்னான்னான். சொன்னேன். என் கழுத்துலேர்ந்து கார்டைக் கழட்டி அவன் மாட்டிக்கினான். 'நீ போ மாப்ள, நான் நிக்கேன்'னான்."

"உள்ள விடுவாங்களா?"

"ஹெல்மெட்டு, கண்ணாடி, மூஞ்சில துணி. கார்டுல போட்டோ அழிஞ்சி கிடந்துச்சி. சூப்பர்வைசருக்கு லைன்ல ஆள் எண்ணிக்கை சரியா இருந்தா போதும். எல்லாரும் பண்றதுதான் ராஜி. ஒருத்தன் கார்டுல ஒருத்தன்."

காலை ஆறு மணியிலிருந்து வேலை செய்த ஆள். மறுபடி எட்டு மணி நேரம் நிற்க ஒத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு என் பிள்ளை பிறந்தது. என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றிக் கையில் வாங்கினார். எட்டு மணி வாக்கில் ஒரகடத்தில் அவர் நிற்க வேண்டிய பிரஸ்ஸில் முப்பிடாதியின் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அவரைத் தூக்கிப்போன நர்சிங் ஹோமில் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வலியிலும் அவர் தசரதன் என்று சொல்லியிருக்கிறார். தன் பேரைச் சொன்னால், அந்த நேரத்தில் அடுத்தவன் கார்டில் உள்ளே எப்படி வந்தாய் என்று கேட்பார்கள். இரண்டு பேர் வேலையும் போகும். காண்டிராக்டர் ஆளுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. "இவன் தசரதனாவே இருக்கட்டும், நீ அந்தப் பக்கமே வராதே" என்று இவரை மிரட்டினான்.

"நான் அஞ்சாம் நாளுதான் போனேன்" என்றார். "தம்பின்னு சொல்லிகினு போனேன். கட்டில்ல சீட்டு தொங்குது, என் பேரு போட்டு. தசரதன், வயசு இருபத்தாறு. நர்ஸம்மா வந்து 'தசரதன், மாத்திர போட்டியா'ன்னு அவனக் கேக்கறாங்க. அவன் தலையாட்றான். காண்டிராக்டர் ஆளு கால்மாட்டுல நின்னுகினு கீறான்."

"அப்பால?"

"என்னக் கிட்ட வரச் சொன்னான். மெதுவா சொல்றான், 'மாப்ள, என் பேரைச் சொல்லி ஒரு வாட்டி கூப்பிடுலே. அஞ்சு நாளா தசரதன் தசரதன்னு கூப்பிட்டு எனக்கே பயமா வருது. செத்துப்போனா எங்கம்மைக்கு எந்தப் பேர்ல சொல்லி அனுப்புவாவ?'ன்னான்."

பித்தானை மறுபடி அவிழ்த்தார்.

"நான் அந்த ஆளைப் பாத்தேன் ராஜி. அவன் என்னத்தான் பாத்துகினு இருந்தான். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'தசரதா, கஞ்சி குடிச்சியா'ன்னு கேட்டேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

"அவன் கண்ண மூடிக்கினான். 'குடிச்சேன்'னான். கிளம்பும்போது தலகாணிக்கு அடிலேர்ந்து அந்தச் சீட்ட எடுத்துக் குடுத்தான். இடது கையில எழுதி வெச்சிருந்தான். பன்னெண்டாம் நாள் மறுபடி போனேன். கட்டில்ல வேற ஆளு. ஊருக்கு அனுப்பிட்டாங்க." மூக்கைச் சிந்தினார். "பாப்பா காதாண்ட குனிஞ்சப்ப, நீ சொன்ன பேரத்தான் வாயில வெச்சிகினு குனிஞ்சேன். சத்தியமா. அது வெளிய வரல. இது வந்துச்சி."

அந்தக் கம்பெனியில் தசரதன் அடிபட்டவன் என்று பதிவாகிவிட்டதால் இவர் திரும்பி அங்கே போக முடியவில்லை. வேறு கம்பெனி தேடினார், அங்கேயே நிரந்தரமானார். பாப்பா பிறந்த ராசி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த ராசிக்கு நான்கு விரல் போயிருந்தது.

எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. அவர் தலையைத் தொட்டேன். அப்புறம் கோபம் வந்தது. எனக்கு எதையும் அரைகுறையாகப் பட வராது.

"அஞ்சு வருஷமா நம்பரை இடுப்புலயே வெச்சிகினு கீற. ஒரு தடவை போன் போட்டியா?"

"போட்டு இன்னா பேசறது?"

"அந்தாளு உன்ன இன்னா கேட்டாரு? பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னுதான கேட்டாரு? ஒரு நாளைக்கி நூறு தடவை அந்தப் பேரை இந்த வூட்டுல கூப்பிட்டுகினு கீற. கேக்க வேண்டியவர் காதுல மட்டும் அது விழவே இல்ல. அஞ்சு வயசுப் பிள்ளை அவருக்கும் சேத்து 'இன்னாப்பா, இன்னாப்பா'ன்னு ஓடியாந்துகினு கீது."

அதோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அதே வாயால் என்னையே கேட்டுக்கொள்ள எனக்கும் கேள்வி இருந்தது. கேட்டில் நின்றவரைப் போனில் கத்தி இழுத்தது யார்? பிள்ளை பேர் என்ன என்று அந்த மனுஷர் ஆசையாகக் கேட்டபோது பொய் சொன்னது யார்? பிரசவ அறை வாசலில் புருஷன் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பில்லை. ஆனால் அந்த ஆசை நிறைவேற ஒருத்தர் தன் பேரையும் கையையும் விட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் எப்படி இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை முழுவதும் மிஷினில் உட்கார்ந்து இதையே யோசித்தேன். இவர் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக என் பிள்ளைக்கு ஒரு பேர் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குற்றத்தை அவர் சுமக்கட்டும், பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? கனிஷ்கா என்றே எழுதிவிடலாம் என்று மத்தியானம் வரை நினைத்தேன். அப்போது பிள்ளை உள்ளே வந்து, மிஷின் பெட்டியில் கிடந்த சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுத ஆரம்பித்தது. பால்வாடியில் கற்றுக்கொண்டது. 'மு' என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்துத் தெரியாமல், "அம்மா, அப்பால இன்னா?" என்று கேட்டது. அவள் பேர் அதுதான். ஐந்து வருஷமாகத் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். நான் கீழே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து மிச்ச எழுத்துகளை எழுதிக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனுவை எடுத்து, காலிக் கட்டத்தில் பேனாவால் முப்பிடாதி என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல அவருக்குப் போன் போடு. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அப்பால கையெழுத்து."

"சாயங்காலம் போடறேன் ராஜி."

"அஞ்சு வருஷமா சாயங்காலம் வரல உனக்கு."

நானே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திணித்தேன். நான்கைந்து மணி அடித்த பிறகு அந்தப் பக்கம் முப்பிடாதி எடுத்தார்.

"யாரு? தங்கச்சியா?"

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஹலோ, யாருங்க பேசுதது?"

நான் அவர் தொடையில் கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன்.

"முப்பிடாதி!" என்று கத்தினார். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். மறுபடியும், இந்தத் தடவை சத்தம் இல்லாமல், "டேய், முப்பிடாதி" என்றார்.

போனில் ஆடு கத்தியது.

வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மண் காலோடு உள்ளே ஓடி வந்து, "இன்னாப்பா?" என்று அவர் முன்னால் நின்றது. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நான் அவள் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன்ன இல்லடி முப்பிடாதி. அப்பா அவரைக் கூப்பிடறாரு."

"யார?"

நான் பதில் சொல்வதற்குள் போனில் அவர் குரல் வந்தது.

"கேக்குதுலே மாப்ள" என்றார். "இன்னொரு வாட்டி கூப்பிடு."